பதினேழாவது செதில்

மே 2

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சுவர் அவர்களுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம்முடைய கோச்சின் விசில், சென்ற வாரம் ஒரு நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு, மைதானத்தின் நடுவே, ஏராளமான புற்களின் முன்னிலையில் இயற்கை எய்தியது. அன்னாருக்கு வயது ஒன்பது. நம் முன்னணி ஆட்டக்காரர் ராக்கெட், காலியான கோலுக்கு நேராக நின்றுகொண்டு பந்தை வானத்துக்கு அனுப்பியபோது, கோச் ஊதிய ஊதலில் அன்னாரின் வயிற்றுக்குள் உருண்டுகொண்டிருந்த குட்டி உருண்டை தெறித்து வெளியேறியது. பதினாலு பேர் மண்டி போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. அன்னாரின் மறைவால் மீளாத நிம்மதியில் ஆழ்ந்திருப்பவை: இருபத்தெட்டுக் காதுகள்.

துக்கச் செய்தி முடிந்தது. இனி விஷயம்.

டேய் சுவரு, விசில் போனதும் கோச் சும்மா இருப்பாரா? விசிலோட வேலையையும் சேர்த்து வாயாலயே பார்க்க ஆரம்பிச்சார். இருபது நிமிஷம்தான். அப்புறம் தொண்டையிலிருந்து வெறும் காத்து வந்துச்சு. டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "உள்ளே காய்ப்புக் காய்ச்சிருக்கு சார், ஆறு வாரம் கத்தக் கூடாது. கத்தினா அப்புறம் எப்பவுமே கத்த முடியாது"ன்னுட்டாராம். கத்தாத கோச்சை நீ கற்பனை பண்ணிப் பாரு. இடியில்லாத மழை மாதிரி, நனையறோமா இல்லையான்னே தெரியலை.

இப்போ ஒரு கரும்பலகையைத் தூக்கிட்டு அலையறார். கோபம் வந்தா ஆச்சரியக்குறி போடறார். நேத்து ராக்கெட்டுக்கு மட்டும் ஒன்பது போட்டார். ஒன்பதாவதுல சாக்பீஸ் உடைஞ்சுது.

அது போதாதுன்னு ஒரு பெட்டி. அவரோட பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டிதான், பத்தாம் நம்பர். மூடியில ஒரு கீறல் போட்டு, பக்கத்துல "மனசு"ன்னு எழுதியிருக்கார். தினமும் பிராக்டிஸுக்கு முன்னால ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடணும்: இன்னிக்கு உன் மனசு எப்படி இருக்கு? பேர் போடக் கூடாது. அவர் எடுத்துப் படிப்பார். "யாரு எழுதினது?"ன்னு யாரும் கேட்கக் கூடாது. கேட்டா மைதானத்தை நாலு சுத்து. அந்தத் தொண்டை டாக்டர் குடுத்த யோசனையாம். பூட்ஸ் பெட்டிக்குள்ள மனசு! கால்ல போடறதைப் போட்டு வச்ச இடத்துல!

அப்புறம், கோல்ல இப்போ யாருன்னு நீ கேட்கலை. நானே சொல்றேன். நான்தான். ரெண்டு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கின மாற்று கோல்கீப்பர், இப்போ பறக்கறேன். பின்தெரு டீமோட போன சனிக்கிழமை பிராக்டிஸ் மேட்ச், மூணு பூஜ்யம். என்னைத் தாண்டி ஒரு பந்து போகலை. ஆகவே உன்னை யாரும் தேடலை. யாருக்கும் நேரமே இல்லை.

சும்மா ஒரு தகவல்: முப்பதாம் தேதி புது லீக்கோட முதல் மேட்ச். ஃபைனல்ல நம்மளை ஜெயிச்ச அதே டீம், அதே மைதானம். ஆட்கள் பட்டியலை இருபத்தெட்டாம் தேதி குடுக்கணும். நீ ஒண்ணும் அவசரப்பட வேண்டாம்.

போன் பண்ணினா உங்க அக்கா எடுத்து, "அவன் போனை என்கிட்ட குடுத்துட்டான், இப்போ டயருக்குள்ள இருக்கான்"னு சொல்றாங்க. அதான் கடிதம். அட்ரஸ் உங்க அம்மாகிட்ட வாங்கினேன். குடுக்கும்போது ஒரு பார்வை பார்த்தாங்க பாரு, என் சட்டைக்கு ஒரு வாரம் இஸ்திரி தேவையில்லை.

அந்தப் பேப்பர் விஷயத்தையா இன்னும் பிடிச்சுட்டுத் தொங்கறே? விளையாட்டுக்குப் பண்ணினதுடா.

இப்படிக்கு,
உன் இடத்தைக் காப்பாற்றிவரும்
வாலு

*

மே 6

வாலு,

உன் கடிதம் வந்துச்சு. படிச்சேன். நான் சிரிக்கலை. அக்கா சிரிச்சா. அக்கா சிரிச்சது கணக்கில் வராது, அவள் விளம்பரத்துக்கெல்லாம் சிரிப்பா.

நீ "பேப்பர் விஷயம்"னு சொல்றது என்னன்னு நீ மறந்திருக்கலாம். எனக்கு ஞாபகம் இருக்கு. ஃபைனல் முடிஞ்சதும் என் ஜெர்சி முதுகில் ஒரு பேப்பரை ஒட்டினே. ஒரு அம்புக்குறி, கீழே "இவ்வழியே செல்லவும்". மைதானம் மொத்தம் சிரிச்சுது. எனக்குக் காரணம் தெரியலை. அப்படியே பஸ் ஏறினேன்.

பதினோரு ஸ்டாப், வாலு. பின் சீட்டில் ஒரு குட்டிப் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சா. இ... வ்... வ... ழி... யே... ஏதோ பாடப்புத்தகம் வச்சிருக்கான்னு நினைச்சேன். திரும்பி, "நல்லாப் படிக்கிறியே"ன்னு பாராட்டினேன். அவங்க அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

வீட்டில் அம்மாதான் அதைப் பிய்ச்சு எடுத்தாங்க. சட்டையைக் கழட்டச் சொல்லிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வச்சாங்க. அவங்க திட்டியிருக்கலாம்.

இன்னொண்ணும் சொல்றேன். இடைவேளையில் என் வலது சுண்டுவிரல் பெருவிரல் சைஸுக்கு வீங்கியிருந்துச்சு. பந்தைப் பிடிக்கவே முடியலை. கோச்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உன்னைத் தேடினேன், "நீ இறங்குடா"ன்னு சொல்ல. பெஞ்சில் பார்த்தேன். பை வைக்கிற ரூமில் பார்த்தேன். கூப்பிட்டுக்கூடப் பார்த்தேன். காணோம். அப்புறம் அப்படியே ஆடினேன். கடைசி நிமிஷம் பந்து என் கால் நடுவில் போச்சு.

நீ கோல்ல பறக்கிறது சந்தோஷம். பறந்துக்கோ. நான் வரலை. இங்கே அக்கா வீட்டில் தங்கி, மாமா டயர் கடையில் பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டேன். டியூபைத் தண்ணித் தொட்டியில் அமுக்கினா எங்கே ஓட்டைன்னு குமிழி காட்டிக் குடுக்கும். அதை அடைச்சா அடைஞ்சுடும். யாரும் கத்த மாட்டாங்க, சிரிக்க மாட்டாங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு.

பதில் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

(சுவர்னு கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பேரை வச்சவன் நீ.)

*

மே 9

டேய் பேரில்லாதவனே,

கட்டாயம் இல்லைன்னு சொன்னதால கட்டாயம் போடறேன்.

முதல்ல இடைவேளை மேட்டர். நான் உனக்காகத்தான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன். குழாயடியில நீள வரிசை. பாட்டில் வேற ஓட்டை. அவ்வளவுதான். இதைப் போய்ப் பெருசா எழுதியிருக்கே. அடுத்த விஷயத்துக்கு வா.

உன்னைச் சிரிக்க வைக்கலைன்னா என் பேரு வாலு இல்லை, வெறும் வா. கேளு. "மனசு" பெட்டியை நான் கைப்பற்றிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, ஒரு சீட்டுக்குப் பதிலா அஞ்சு சீட்டு போட்டேன். ஒண்ணு இடது கையால, ஒண்ணு சாய்ச்சு, ஒண்ணு என் தங்கச்சியோட பென்சில்ல, இப்படி. கோச் எண்ணினார். பதினாலு பேருக்குப் பதினெட்டுச் சீட்டு. மாட்டினோம்னு நினைச்சேன். அவர் கரும்பலகையில எழுதினார்: "சிலருக்கு ஒரு மனசு போதாமல் இருக்கலாம்." எழுதிட்டுப் படிக்க ஆரம்பிச்சுட்டார்!

அவருக்குத்தான் குரலே இல்லையே, கிசுகிசுன்னுதான் படிக்கிறார். கேட்கணும்னா எல்லாரும் கிட்டே வந்து தலையோட தலை ஒட்டி நிக்கணும். நம்ம லாரிப் பயலோட வியர்வை என் காதுல சொட்டுது. முன்னெல்லாம் அவர் கத்தும்போது எவ்வளவு தூரம் தள்ளி நிப்போம்! இப்போ தேன்கூட்டுல தேனீ மாதிரி நிக்கறோம்.

என் சீட்டு ஒண்ணு: "என் வலது காலுக்கும் இடது காலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை." யாராவது சிரிப்பாங்கன்னு பார்த்தேன். கோச் தீவிரமாத் தலையாட்டிட்டு, அன்னிக்கு முழுக்க எல்லாரையும் இடது காலால மட்டும் ஆட வச்சார். சமாதானப் பேச்சுவார்த்தையாம். எனக்கு இன்னும் தொடை வலிக்குது.

ரெண்டு: "பந்தைப் பார்த்தா பாவமா இருக்கு. எல்லாரும் அதை உதைக்கிறாங்க, அது யாரைப் போய் உதைக்கும்?" இதுக்கு ஒரு சட்டமே வந்துடுச்சு. கோபத்துல பந்தை உதைச்சவன், தானே ஓடிப் போய் எடுத்துட்டு வந்து, அதுகிட்ட மன்னிப்புக் கேட்கணும். நம்ம ராக்கெட், ஆறடி, மீசை முளைக்கிறவன், பந்தைக் கையில வச்சுக்கிட்டு, "சாரி, தெரியாம கோபப்பட்டுட்டேன்"ங்கறான். மூணு தடவை!

மூணாவதுதான் என் மாஸ்டர்பீஸ். அப்படியே எழுதறேன்: "மேட்ச் அன்னிக்கு பந்து என் பக்கம் வரப்போகுதுன்னா வயிறு புரளுது. கழிவறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கறேன். கதவுல யாரோ ஆணியால கீறின மீன் ஒண்ணு இருக்கு. அதோட செதிலை எண்ணுவேன். பதினேழு. எண்ணி முடிச்சாலும் வெளியே வரப் பிடிக்காது."

எப்படி என் கற்பனை? ஆனா பாரு, யாருமே சிரிக்கலை. கோச் சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வச்சார். அப்புறம் பலகையில எழுதினார், ஆச்சரியக்குறியே இல்லாம: "மேட்சுக்கு முன்னால் யாருக்கு வேணும்னாலும் அஞ்சு நிமிஷம் உண்டு. காரணம் கேட்கப்படாது. ஒருத்தர் வெளியே துணைக்கு நிற்பார். கதவைத் தட்ட மாட்டார்."

மறுநாள் லாரி ஒரு தார் வாழைப்பழத்தோட வந்து நிக்கறான். "வயிறு சரியில்லாதவனுக்கு நல்லதுடா"ங்கறான். யாருக்குடான்னா, "யாருன்னு தெரியாதே, அதான் எல்லாருக்கும் கொண்டுவந்தேன்"ங்கறான். இதுதான்டா கொடுமை. எவன் எழுதினான்னு தெரியாததால, எல்லாரும் எல்லார்கிட்டயும் நல்லவனா இருந்து தொலைக்க வேண்டியிருக்கு! பாஸ் தப்பினா "பரவாயில்லடா"ங்கறான். பரவாயில்லையாம்! நம்ம டீம்ல! என் விளையாட்டு எனக்கே வினையாப் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை தபால்கார டீமோட மேட்ச் இருக்கு. நான்தான் கோல்.

வாழைப்பழத்தால் நிரம்பிய
வாலு

*

மே 13

வாலு,

இந்தத் தடவை ஒரு இடத்தில் சிரிச்சேன். ராக்கெட் மன்னிப்புக் கேட்ட இடம். மாமா, "என்னடா டியூபைப் பார்த்து இளிக்கிறே?"ன்னார்.

அந்த மூணாவது சீட்டைப் பத்தி. நாலு தடவை படிச்சேன்.

நம்ம மைதானத்துக் கழிவறைக் கதவில் மீன் கிடையாது. அங்கே வெறும் கெட்ட வார்த்தைதான், அதிலும் எழுத்துப்பிழை. மீன் இருக்கிறது ஃபைனல் நடந்த மைதானத்தில். ரெண்டாவது கதவு. வால் பக்கம் கொஞ்சம் துரு. எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பே. ஃபைனல் அன்னிக்குக் காலையில் நான் உள்ளே இருந்தேன். நானும் எண்ணினேன்.

இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. ரெண்டு வருஷமா ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி நான் வாந்தி எடுப்பேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுப்பேன், சத்தம் கேட்காம இருக்க. அப்புறம் முகம் கழுவிட்டு வந்து கோல்ல நிப்பேன். நீங்க எல்லாரும் "சுவரு! சுவரு!"ன்னு கத்துவீங்க. சுவர் வாந்தி எடுக்கும்னு எப்படிச் சொல்றது?

உங்க விதிப்படி "யாரு எழுதினது"ன்னு கேட்கக் கூடாது. நான் கேட்கலை. மாமா கடையை நாலு சுத்துச் சுத்த எனக்கு நேரமில்லை.

லாரிக்கு நான் விசாரிச்சதாச் சொல்லு.

*

மே 17

சுவரு,

சுவருக்குக் காது உண்டுன்னு தெரியும். கண்ணும் உண்டுன்னு இப்பதான் தெரியுது.

மீனா? எந்த மீன்? ஊர்ல கதவுக்கா பஞ்சம், மீனுக்கா பஞ்சம்? எழுதுறவன் எதையாவது எங்கேயாவது பார்த்திருப்பான், கலந்துகட்டி எழுதுவான். அதுக்குப் பேர்தான் கற்பனை. இதோட அந்த மீனைக் குளத்துல விட்டுடு.

நீ வாந்தி எடுத்த விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லலை. ஜோக்கும் பண்ணலை. பண்ண வரலைன்னும் வச்சுக்கலாம். ரெண்டு வருஷம் உன் பக்கத்துலயே உட்கார்ந்து ஷூ கயிறு கட்டியிருக்கேன். குழாய்ச் சத்தம் கேட்டிருக்கேன். முகம் கழுவறேன்னு நினைச்சேன்.

தபால்காரங்க மேட்ச் ரெண்டு பூஜ்யம். என்னைத் தாண்டி இன்னிக்கும் ஒரு பந்து போகலை. இந்த வரியை மட்டும் மூணு தடவை எழுதறேன், பேனா சரியில்லை.

இங்கே நடந்த ஒரு விஷயம் சொல்லணும். நேத்து பெட்டியில பச்சை மையில ஒரு சீட்டு. நம்ம டீம்ல பச்சை மையில எழுதறது யாருன்னு உனக்கே தெரியும். அட்டென்டன்ஸ் நோட்டுப் பூரா பச்சைதான். அவரே எடுத்து, அவரே படிச்சார், வேற யாரோ எழுதின மாதிரி: "கோல்கீப்பர் அன்னிக்கு விரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் கத்தினேன். அவன் போனது அதனாலதானான்னு தூக்கம் வரலை."

படிச்சு முடிச்சு மடிச்சார். யாரும் "யாரு எழுதினது"ன்னு கேட்கலை. லாரி மட்டும் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, கோச்சோட கையில வச்சான். அவரும் உரிச்சுத் தின்னார்.

எனக்கு அங்கே ஒரு நல்ல ஜோக் தோணிச்சு. சொல்லலை. எனக்கு என்னமோ ஆகுதுடா. நீ வந்து பார்த்தாத்தான் சரியாகும்.

பட்டியலுக்கு இன்னும் பதினோரு நாள். சும்மா ஒரு தகவல்.

வாலு

*

மே 20

வாலு,

கோச் எனக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கார். பச்சை மைதான். நாலே வரி. அதில் ஆச்சரியக்குறி இல்லை, மன்னிப்பு இருக்கு. அதைப் பத்தி வேற ஒண்ணும் எழுத மாட்டேன்.

உன் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு. பையில் மடிச்சு வச்சிருந்தேன், எதுக்குன்னு தெரியாம. போன வாரம் மாமா அதைப் பார்த்துட்டார். "இவ்வழியே செல்லவுமா? எவ்வளவு நாளா இதைத் தேடிட்டிருக்கேன்!"னு கடை வாசலில் ஒட்டிட்டார். எல்லா வண்டியும் தப்பான பக்கம் வந்து டீக்கடையை மறைக்கும், டீக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். இப்போ எல்லாரும் அம்புக்குறி பார்த்து ஒழுங்கா வர்றாங்க. உன் கையெழுத்தை இந்த ஊரே மதிக்குது. தினமும் காலையில் அதைப் பார்த்துக்கிட்டேதான் கடை திறக்கிறேன். முதல் நாள் வயிறு எரிஞ்சுது. நேத்து ஒரு வேன் டிரைவர், "எந்தப் புண்ணியவான் எழுதினது?"ன்னு கேட்டார். சிரிச்சுட்டேன்.

நான் வர்றதா இல்லையான்னு நீ நேரா கேட்கவே இல்லை. சுத்திச் சுத்தி "சும்மா ஒரு தகவல்"னு எழுதறே. நானே நேரா சொல்றேன். எனக்கு வரணும்னு இருக்கு. கையுறையோட வாசனை ஞாபகம் வருது. விரல் சரியாப் போச்சு.

ஆனா ஒரே ஒரு கேள்வி. நீ மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இடைவேளையில் நீ எங்கே இருந்தே?

தண்ணிக் குழாய்னு சொல்லாதே. அந்த மைதானத்துக் குழாயில் அன்னிக்குத் தண்ணியே வரலை. நான் வாந்தி எடுத்துட்டு முகம் கழுவப் பாட்டில் தண்ணியைத்தான் ஊத்திக்கிட்டேன்.

ஒரு பக்கம் எழுது. ஜோக் இல்லாம. அக்கா எண்ணுவா.

*

மே 23

சுவரு,

ஜோக் இல்லாம எழுதறேன். இது நாலாவது தாள். மூணு தாள் குப்பைக்குப் போச்சு.

முதல்ல சின்ன விஷயம். நான் கோல்ல ஒரு நாள்கூட நிக்கலை. லாரிதான் நிக்கறான். என்னைத் தாண்டி ஒரு பந்து போகலைன்னு எழுதினது பொய் இல்லை. நான் கோல் வலைக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கிப் போட்டுட்டிருந்தேன். வலையைத் தாண்டி வந்தாத்தானே என்னைத் தாண்டும். தபால்காரங்க மேட்ச்ல ரெண்டு பூஜ்யம்னேன். ரெண்டு அவங்களுது.

கோச் மூணு தடவை கையுறையை என்கிட்ட நீட்டினார். ஒரு தடவை தொடை வலின்னேன். ஒரு தடவை தங்கச்சிக்குக் காய்ச்சல்னேன். மூணாவது தடவை என்ன சொன்னேன்னா, ~~கையுறைக்கு என் கையைப் பிடிக்கலை~~ (இங்கே ஒண்ணு வந்துடுச்சு, அடிச்சுட்டேன்.)

இப்போ பெரிய விஷயம்.

நான் அந்த ரெண்டாவது கதவுக்குப் பின்னால இருந்தேன். முதல் பாதி முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால நீ விழுந்து விரலைப் பிடிச்சுக்கிட்டியே, அப்பவே பார்த்துட்டேன். அடுத்து நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. கோச் பெஞ்சு பக்கம் திரும்பறதுக்குள்ள எழுந்து ஓடிட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதுமேல உட்கார்ந்து மீனைப் பார்த்துட்டிருந்தேன்.

நீ கூப்பிட்டது கேட்டுச்சு. "வாலு... வாலு..."ன்னு ரெண்டு தடவை. ஜன்னலுக்கு வெளியே ரொம்பக் கிட்டே. நான் மூச்சை அடக்கிட்டேன்.

ரெண்டு வருஷமா நான் மாற்று கோல்கீப்பரா இருந்தது, நீ எப்பவும் இருப்பேங்கிற தைரியத்துலதான். அந்த ஒரு நாள் நீ என்னைக் கூப்பிட்டே.

அப்புறம் அந்தப் பேப்பர். மேட்ச் முடிஞ்சு நீ கோல் கம்பத்தைப் பிடிச்சுட்டு நின்னே. கோச் கத்திட்டிருந்தார். ராக்கெட், "விரல் அடிபட்டிருந்தா மாத்தியிருக்கலாமே, இவன் எங்கேடா போனான்?"னு என் பக்கம் திரும்பினான். அடுத்த நிமிஷம் எல்லாரும் திரும்புவாங்கன்னு தோணிச்சு. அதுக்குள்ள எல்லாரையும் சிரிக்க வைக்கணும்னு நோட்டுல ஒரு தாளைக் கிழிச்சேன். சிரிச்சாங்க. யாரும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கலை. நீ மட்டும்தான் கேட்டே.

மத்த நாலு சீட்டும் விளையாட்டுக்கு எழுதினது. மூணாவது எனக்காக எழுதினது. அஞ்சோட அஞ்சாக் கலந்தா தெரியாதுன்னு நினைச்சேன்.

மன்னிச்சுடுடா. நீ வரலைன்னாலும் பரவாயில்லைன்னு எழுதலாம்னு பார்த்தேன். பரவாயில்லாம இல்லை. வா.

வாலு

*

மே 26

வாலு,

அக்கா ரெண்டு ஜோக் கண்டுபிடிச்சா. ஒண்ணு வலை. இன்னொண்ணு நீ அடிச்சது, அதை வெளிச்சத்தில் பிடிச்சுப் படிச்சா. "ரெண்டு பரவாயில்லை, இவன் பேச்சுக்கு இது மௌன விரதம்"னு பாஸ் போட்டுட்டா.

நீ மூச்சை அடக்கினதைப் படிச்சப்போ ரொம்பக் கோபம் வந்துச்சு. கடைக்குப் பின்னால் போய் ஒரு பழைய டயரை உதைச்சேன். அப்புறம் உங்க சட்டம் ஞாபகம் வந்து, அதுகிட்ட மன்னிப்புக் கேட்டேன். மாமா பார்த்துட்டார். நல்ல டாக்டர் யாராவது இருக்காங்களான்னு அக்காகிட்ட விசாரிக்கிறார்.

வர்றேன். கோச்சுக்குத் தனியா எழுதிட்டேன். வியாழக்கிழமை பஸ். ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, லாரிக்கு இனிமே கையுறை வேண்டாம், மாற்று கோல்கீப்பர் நீதான். வார்ம்-அப்பில் பாதி நேரம் நீ நிக்கணும். பத்து பந்து விட்டாலும் நிக்கணும். ரெண்டு, எனக்கு அந்த அஞ்சு நிமிஷம் வேணும். வெளியே நிக்கிறது நீ.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். நீ எப்பவும் எண்ணுறதில் தப்பு விடமாட்டே. ஆனா அந்த மீனுக்கு நான் காலையில் எண்ணினப்போ பதினாறு செதில்தான். ரெண்டு தடவை எண்ணினேன்.

சுவர்

*

மே 30, காலை 8.40
(கழிவறை, ரெண்டாவது கதவு, அடி இடுக்கு வழியாக)

டேய் சுவரு,

தட்டக் கூடாதுன்னு விதி. பேசக் கூடாதுன்னு நீ சொல்லிட்டே. எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. இது "மனசு" சீட்டோட பின்பக்கம், பென்சில் கோச்சோடது.

அவசரப்படாதே. கோச் ரெஃப்ரிகிட்ட பலகையை நீட்டி அஞ்சு நிமிஷம் வாங்கியிருக்கார். எதிர் டீம் கோச் கத்தற கத்தலைக் கேட்டியா? நம்மாளு அவர்கிட்ட போய்த் தொண்டை டாக்டர் அட்ரஸை எழுதிக் குடுத்துட்டு வந்தார். லாரி எனக்கு ஒரு பழம், உனக்கு ஒரு பழம் குடுத்துவிட்டான். உன்னுதையும் தின்னுட்டேன்.

வார்ம்-அப்ல என்னைப் பார்த்தியா? பத்துல ஆறு பந்து விட்டேன். நாலு பிடிச்சேன்! அதுல ஒண்ணு மூஞ்சியால. இன்னிக்கு உன் விரலுக்கு ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடு, நான் பெஞ்சுலதான் இருப்பேன். கையுறையை மாட்டிட்டே இருக்கேன், அதான் கையெழுத்து இப்படி. எனக்கு இன்னிக்குப் பயமே இல்லை. சிங்கம் மாதிரி நிக்கறேன்.

இப்போ அந்த மீனைப் பாரு. வாலுக்குப் பக்கத்துல கடைசிச் செதில், மத்ததை விடக் கோணலா இருக்கும். நீ எண்ணினது சரி. பதினாறுதான் இருந்துச்சு. பதினேழாவது நான் கீறினது, ஜெர்சி நம்பரைக் குத்தியிருந்த ஊக்கால. நீ வெளியே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டிருந்தப்போ.

வாலு

பின்குறிப்பு: மேலே அந்தச் சிங்க வரியை அடிச்சுடு. அஞ்சு நிமிஷத்துல மூணு போச்சு, சீக்கிரம் வெளியே வாடா. அடுத்தது நான் உள்ளே போகணும்.